சீமீ டீச்சர் தேடிய வலைப்பூக்கள்

பள்ளிக்கூடத்தில் அவளுடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் வாட்ச்மேனே தலையைச் சொறிவார். சீமீ டீச்சர் என்று சொன்னால் உடனே கை காட்டுவார். இங்கிலீஷ் கட்டுரை நோட்டில் எதையாவது எழுதி ஒப்பேற்றும் பிள்ளைகளுக்கு அவள் மார்க் போட மாட்டாள். கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில் 'சீ மீ' என்று இங்கிலீஷில் எழுதி அனுப்புவாள். என்னை வந்து பார் என்று அர்த்தம். பிள்ளைகளும் நடுங்கிக்கொண்டு போய் நிற்பார்கள். திட்டெல்லாம் கிடையாது. நோட்டை விரித்து வைத்து, "இதை நீ எழுதினியா, உன் கை எழுதிச்சா?" என்று கேட்பாள். அதற்கு யாராலும் பொய் சொல்ல முடிந்ததில்லை. அடுத்த கட்டுரை ஒழுங்காக வந்துவிடும்.

இந்தப் பழக்கம் அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. வீட்டில் அவளும் தங்கையும்தான். இரண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று யாராவது மூக்கை நுழைத்தால், "அக்காவுக்கு வந்த மாப்பிள்ளை லெட்டர்ல தப்பு இருந்துச்சு, எனக்கு லெட்டரே வரல" என்று சொல்லி, கேட்டவர்களையும் சிரிக்கவைத்து அனுப்பிவிடுவாள் தங்கை. அவள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். அக்கா எழுவதற்குள் கிளம்பிவிடுவாள். போகும்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டுவாள். கேஸ் தீரப்போகுது. உன் குடையை எடுத்துட்டுப் போறேன், மனசுக்குள்ள திட்டிக்கோ. இப்படி ஏதாவது இருக்கும். அக்கா அதற்குக் கீழே சிவப்பு மையில் 'சீ மீ' என்று எழுதிவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். சாயங்காலம் தங்கை தோள்பையைக்கூட இறக்காமல் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நிற்பாள். "டீச்சர், வரச் சொன்னீங்களாமே." வருஷக்கணக்காக நடந்த கூத்து அது. இரண்டு பேருக்கும் அலுத்ததே இல்லை.

கடைசிச் சீட்டில் மூன்று வரி இருந்தது. பால் தீர்ந்துபோச்சு. நான் வர லேட்டாகும். நீ சாப்பிட்டுடு. அக்கா வழக்கம்போலக் கீழே எழுதிவிட்டுப் போனாள். அன்று மத்தியானம் தங்கை மேசையில் தலையைச் சாய்த்தவள் எழுந்திருக்கவே இல்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். பல் வலியோடு காத்திருந்தவர்கள், பாவம், அசதியில் தூங்குகிறாள் என்று வெகுநேரம் எழுப்பாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

சீமீ டீச்சர் அழவில்லை. வந்தவர்களில் சிலர் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று ஜாடையாகப் பேசிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்கும், ஆனால் நம்முடையதாக இருக்காதே, அந்த மரமரப்பு அவளுக்கு உடம்பு முழுக்க இருந்தது. குளித்தாள், உடுத்தினாள், எதையோ சாப்பிட்டாள். பால் வாங்கவில்லை. வேண்டாம் என்று முடிவெடுத்தெல்லாம் இல்லை. கடை வாசலைத் தாண்டும்போது கால் நிற்கவில்லை, அவ்வளவுதான். பாலில்லாத டீயையே குடித்துக்கொண்டிருந்தாள். சீட்டு கதவிலேயே இருந்தது.

விடுப்பு முடிந்து வந்தவள் நேரே எட்டாம் வகுப்புக்குப் போனாள். காகிதம் எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு பாடம். அதில் மனசைப் பிசைகிற மாதிரி ஒரு மண்ணும் கிடையாது. 'பிறகு அதை உலர வைக்கிறார்கள்' என்ற வரிக்கு வந்ததும் வாய் நின்றுவிட்டது. கையில் புத்தகத்தோடு அப்படியே நின்றாள். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் பயந்தார்கள். கடைசியில் ஒருத்தி ஓடிப்போய்த் தலைமை ஆசிரியையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மணி அடித்த பிறகும் அவள் அந்த வரியில்தான் நின்றிருந்தாள்.

தலைமை ஆசிரியை கறார்ப் பேர்வழி, ஆனால் ஈரம் உள்ளவர். அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். வகுப்பைத் தற்காலிகமாக ஒரு பெண்ணிடம் கொடுத்திருக்கிறார். இந்தப் பருவம் முடியும்வரை நிர்வாகத்திடம் சமாளிப்பார். அதற்குள் அவள் வகுப்புக்குத் திரும்பினால் சரி, இல்லையென்றால் அந்தப் பெண்ணையே நிரந்தரமாக்கிவிடுவார்கள், இவள் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அதுவரை சும்மா உட்கார்ந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று ஒரு வேலையும் கொடுத்தார். பள்ளியின் இணையப் பக்கத்தில் மொழிப்பாட ஆசிரியர்களுக்கு என்று ஒரு பகுதி தொடங்குகிறார்கள். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற இங்கிலீஷ் டீச்சர்கள் எழுதும் வலைப்பூக்களில் படிக்க லாயக்கானதைத் தேடிப் பிடித்துக் கொடுக்க வேண்டும். அவள் சரி என்றாள். வீட்டுக்குப் போ என்று அப்போதே சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

நூலகத்தில் பின்பக்க ஜன்னலை ஒட்டி ஒரு பழைய கணினி. அங்கே போய் உட்கார்ந்தாள். நூலகர் வாய் ஓயாத மனுஷர். புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டே ஊர் உலகத்தை அலசுவார். அவள் பதில் பேசாதது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. இரண்டு பேருடைய பங்கையும் அவரே பேசிவிடுவார்.

நல்ல வலைப்பூவைத் தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். தேடுபொறியில் நாலு வார்த்தை தட்டினால் 'தலைசிறந்தவை' என்று பக்கம் பக்கமாகக் கொட்டும். திறந்து பார்த்தால் ஒருத்தன் எழுதியதை இன்னொருத்தன் அப்படியே இறக்கிவைத்திருப்பான். அதில் பாதி எப்போதோ மூடிப்போன கடைகள். மீதியில் பாதி, பயிற்சித் தாள் விற்கிற கடைகள். வகுப்பறைச் சுவரெல்லாம் வண்ணக் காகிதம் ஒட்டிப் படம் எடுத்துப் போட்டிருப்பார்கள். அந்தச் சுவருக்குள் ஒரு பிள்ளையைக்கூடப் பார்க்க முடியாது. இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வகுப்பில் எதுவுமே தோற்றதில்லையாம். படித்துவிட்டுப் போன மாணவர்கள் எல்லாரும் கண்ணீர் மல்க நன்றி சொல்லிக்கொண்டே இருப்பார்களாம். யார் காதில் பூ சுற்றுகிறார்கள்? நின்றுபோன வலைப்பூக்களின் கடைசிப் பதிவு மட்டும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். ரொம்ப நாளாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும், இனிமேல் அடிக்கடி எழுதுவேன். அதற்குப் பிறகு ஆளே இருக்க மாட்டார்கள்.

சீமீ டீச்சருக்குக் கோபமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. ஆனால் பல வருஷம் கட்டுரை திருத்திய கண் அது, தானாக வேலை செய்தது. கொஞ்ச நாளில் அவளுக்கு என்று ஒரு வழி பிடிபட்டது. முதல் பதிவைப் படிக்க மாட்டாள். முதல் பதிவில் எல்லாரும் நன்றாகத்தான் எழுதுவார்கள். பருவத்தின் நடுவில், விடைத்தாள் கட்டு மேசையில் குவிந்திருக்கும் காலத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் படிப்பாள். அதில் ஒரு பிள்ளை வர வேண்டும். அந்தப் பிள்ளைக்குப் புரியாமல் போயிருக்க வேண்டும். டீச்சர் அதற்கு அப்புறம் என்ன செய்தார் என்று இருக்க வேண்டும். அப்படி ஒன்று அகப்பட்டால், அதன் ஓரத்தில் அந்த டீச்சர் தான் படிக்கும் வலைப்பூக்கள் என்று சிலவற்றைக் கோத்து வைத்திருப்பார். நல்ல கடைக்காரனுக்குத்தான் இன்னொரு நல்ல கடை தெரியும். அந்த வழியாகப் போனால் தேடுபொறி ஜென்மத்துக்கும் காட்டாத இடங்கள் அகப்பட்டன. கவிதையைத் தலைகீழாகக் கடைசி வரியிலிருந்து நடத்திப் பார்த்தவர், வாசிக்கத் திணறும் பிள்ளைகளை நாய்க்குட்டிக்கு வாசித்துக் காட்டச் சொன்னவர் என்று விதவிதமான ஆட்கள் வந்தார்கள். அவள் ஒவ்வொன்றையும் படித்துக் குறித்துவைத்தாள். நல்லது என்று அறிவு சொன்னது. உள்ளே எதுவும் அசையவில்லை.

அப்படித்தான் 'நாலாவது பீரியட்' வந்து சேர்ந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருக்கும் ஒருவர் எழுதுவது. சாப்பாட்டு மணிக்கு முந்தின பீரியட், எவனுக்கும் பாடம் ஏறாத நேரம், அதை மட்டுமே எழுதுவார். ஓய்வு பெறும் வயசு நெருங்கிய மனுஷர் என்று எழுத்திலேயே தெரிந்தது. அன்றைய பதிவில், காலையில் நான் என்ன செய்தேன் என்று பிள்ளைகளை எழுதச் சொல்லியிருக்கிறார். வகுப்பு முழுக்க ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள். எழுந்தேன், பல் தேய்த்தேன், பள்ளிக்கு வந்தேன். இவர் கத்தித் தீர்த்திருக்கிறார். அப்போது ஒரு பெண் எழுந்து நின்று என்னவோ சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டதும் இவர் வகுப்பை விட்டு வெளியே வந்துவிட்டார். அவள் என்ன சொன்னாள் என்று எழுதவில்லை. அதோடு தாவி, இனிமேல் எனக்கு இந்த வேலை ஓடாது, இந்தப் பருவத்தோடு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன் என்று முடித்திருந்தார். கீழே வாசகர்கள் அருமை, நெகிழ்ச்சி, வணங்குகிறேன் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள்.

சீமீ டீச்சரின் விரல்கள் கருத்துப் பெட்டியில் தட்டின. முதல் பாதி நன்று. கடைசிப் பத்தி ஓடி ஒளிகிறது. அந்தப் பெண் சொன்னதை ஏன் எழுதவில்லை? அதற்குக் கீழே, நோட்டில் எழுதுகிற அதே இடத்தில், 'சீ மீ'. தட்டி அனுப்பிவிட்டு அடுத்த வலைப்பூவைத் திறந்தாள். என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைக்கவே இல்லை. பள்ளிக்கூடத்துக் கணக்கிலிருந்து போனதால் பள்ளியின் பெயரோடு அது அங்கே உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் அதை முதலில் பார்த்தவர் நூலகர்தான். அட்டையும் பசையுமாக வந்து எட்டிப் பார்த்தவர், வாய்விட்டுச் சிரித்துவிட்டார். முகம் தெரியாத, உங்களைவிட மூத்த ஒரு வாத்தியாரை வந்து பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறீர்களே, இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். கீழே பதிலும் வந்திருந்தது. எங்கே, எந்த நேரத்தில் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார் அந்த மனுஷர். பேசி ஆறுதல் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், பேச்சு வேண்டாம். எழுதாமல் விட்டதை இப்படிக் கண்டுபிடிக்கிறவர் வகுப்பில் எப்படி நிற்கிறார் என்று பின்னால் உட்கார்ந்து ஒரு பீரியட் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு எழுதிக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன் என்று எழுதியிருந்தார்.

நூலகரின் சிரிப்பு அடங்கிவிட்டது. அவளுக்கு வகுப்பே இல்லை என்று அவருக்குத் தெரியும். "தெரியாம விழுந்துடுச்சுன்னு ஒரு வரி போட்டுடுங்க டீச்சர். புரிஞ்சுக்குவார்" என்றார்.

அவளும் அதைத்தான் தட்டத் தொடங்கினாள். தவறுதலாக, என்று ஒரு வார்த்தை வந்தது. அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூலகர் நகராமல் நின்றார்.

"வரச் சொன்னா வரேங்கிறாரு சார்" என்றாள் அவள். அந்த மூலைக்கு வந்ததிலிருந்து அவள் அவரிடம் சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான். "நான் வரச் சொல்லிக் கடைசியா ஒருத்தி வரவே இல்ல."

நூலகருக்கு அந்த வீட்டுக் கூத்து எதுவும் தெரியாது. ஆனாலும் பேச்சை நிறுத்திக்கொண்டார். அவள் தட்டியதை அழித்துவிட்டு எழுந்து தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனாள். தனக்கு எட்டாம் வகுப்பில் ஒரு பீரியட் வேண்டும் என்றாள். ஒன்றா, மொத்தமாகவா என்று அவர் கேட்டதற்கு, ஒன்று போதும், பார்வையாளர் ஒருவர் வருகிறார் என்றாள். வகுப்பில் மறுபடியும் நின்றுவிட்டால் என்ன செய்வாய் என்று தலைமை ஆசிரியை முகத்துக்கு நேரே கேட்டார். அதற்குமேல் தன்னால் முட்டுக்கொடுக்க முடியாது என்றும் சொன்னார். தெரியாது என்றாள் அவள். அது உண்மை. அவர் கால அட்டவணையைப் பார்த்து நாலாவது பீரியடைக் கொடுத்தார்.

நாளையும் நேரத்தையும் பதிலாகப் போட்டாள், அந்த வலைப்பூக்காரர் சொன்ன நாளில் வந்தார். பருத்த ஆள், தோளில் துணிப்பை. கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் கிள்ளிக்கொண்டார்கள். சீமீ டீச்சர் உள்ளே வந்ததும் வகுப்பு அடங்கிப்போனது. மரியாதையால் அடங்கவில்லை, பயத்தில்தான். அவள் புத்தகத்தைத் திறந்து, காகிதம் செய்யும் பாடத்தை எடுக்கச் சொன்னாள். அது எப்போதோ முடிந்துவிட்டது மிஸ் என்றது முன் பெஞ்சு.

"நான் முடிக்கல" என்றாள்.

படித்துக்கொண்டே வந்தாள். மரத்தை வெட்டினார்கள், கூழாக்கினார்கள், சல்லடையில் பரப்பினார்கள். அந்த வரி வந்தது. வாய் நின்றுவிட்டது. அதே இடம், அதே வெறுமை. முன்னால் இருந்தவளின் முகத்தில் அதே பயம். யாரோ எழுந்து ஓட பெஞ்சு நகரும் சத்தம்கூட அவளுக்குக் கேட்டது. பின்னால் அந்த மனுஷர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் இங்கே தோற்றால் அவரும் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிடுவார், அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"உக்காரும்மா, யாரையும் கூப்பிட வேண்டாம்" என்றாள். "என் தங்கச்சி செத்துப்போயிட்டா. உங்களுக்குத் தெரியும். அன்னைக்கு இந்த வரியிலதான் நின்னேன். இன்னைக்கும் நிக்குது. எனக்கு வரல. யாராவது படிங்க."

அன்று தலைமை ஆசிரியையைக் கூட்டிவர ஓடிய அதே பெண் எழுந்தாள். பிறகு அதை உலர வைக்கிறார்கள், என்று திக்கித் திக்கிப் படித்தாள். அடுத்த வரியைப் பக்கத்தில் இருந்தவள் எடுத்துக்கொண்டாள். ஆளுக்கு ஒரு வரியாகப் பாடம் பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போனது. கடைசி வரி அந்தப் பருத்த மனுஷருக்கு வந்தபோது, பக்கத்துப் பிள்ளை புத்தகத்தை அவர் பக்கம் தள்ளியது. அவரும் எழுந்து நின்று படித்துவிட்டு உட்கார்ந்தார்.

மீதி நேரத்தில் ஆளுக்கு ஒரு தாள் எடுக்கச் சொன்னாள். வீட்டில் இருக்கும் ஒருவருக்கு ஒரு சீட்டு. மூன்று வரி போதும். அவர்கள் வந்து படிக்கப் போகிறார்கள் என்று நினைத்து எழுத வேண்டும். மார்க் உண்டா என்று ஒருத்தி கேட்டாள், இல்லை என்றதும் எல்லாரும் குனிந்து எழுதினார்கள். மணி அடித்ததும் கட்டாக வாங்கிக்கொண்டாள்.

வராந்தாவில் பிள்ளைகள் முட்டி மோதிச் சாப்பிட ஓடினார்கள். அவர் ஓரமாக நின்று, நீங்கள் நின்றதும் நானே எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன் என்றார். தனக்குக் கால் இருப்பதே தெரியவில்லை என்றாள் அவள். அவர் கொஞ்சம் சிரித்தார்.

"அந்தப் பொண்ணு என்ன சொன்னான்னு கேட்டீங்களே" என்றார். "'நீங்களும் தினமும் ஒண்ணையேதான் சார் சொல்றீங்க'ன்னா. அதை எழுதக் கை வரல."

"எழுதுங்க" என்றாள் அவள்.

எழுதிக் கொடுக்க வைத்திருந்த கடிதம் பைக்குள்ளேயே இருக்கிறது, அது எங்கேயும் ஓடிவிடாது, முதலில் இதை எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

தலைமை ஆசிரியை மாடிப்படியருகே காத்திருந்தார். விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. மறுபடியும் நின்றாயாமே என்று கேட்டார். ஆமாம் என்றாள். நாளைக்கு என்ன செய்வதாக உத்தேசம் என்றார். அவள் கையிலிருந்த கட்டைப் பார்த்தாள்.

"தாள் வாங்கிட்டேன் மேடம். திருத்தித் திருப்பிக் குடுக்கணுமே. நாளைக்கும் அந்தப் பீரியட் எனக்கே இருக்கட்டும்."

தலைமை ஆசிரியை சரி என்று தலையாட்டினார். அவரும் டீச்சராக இருந்தவர்தானே, வாங்கிய தாளைத் திருப்பிக் கொடுக்காமல் எந்த டீச்சரும் போக மாட்டாள் என்று அவருக்குத் தெரியாதா? திருப்பிக் கொடுக்கிற அன்று புதுசாக ஒரு கட்டு வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் தெரியும்.

சாயங்காலம் கடை வாசலைத் தாண்டும்போது கால் நின்றது. பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அதை உள்ளே வைக்கப் போனபோதுதான் சீட்டு கண்ணில் பட்டது. இத்தனை நாளும் அவள் பார்த்துக்கொண்டிருந்தது கீழே தான் எழுதிய சிவப்பு எழுத்தைத்தான். மேலே தங்கை எழுதியிருந்ததை இப்போதுதான் மறுபடியும் படித்தாள்.

அடுப்பைப் பற்றவைத்து, இருந்ததைச் சூடு பண்ணி, உட்கார்ந்து சாப்பிட்டாள். ருசி ஒன்றும் தெரியவில்லை. தட்டைக் கழுவிவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தாள். பால் தீர்ந்துபோச்சு என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டாள். நீ சாப்பிட்டுடு என்ற வரிக்கும் ஒன்று போட்டாள். நடுவில் இருந்த, நான் வர லேட்டாகும் என்ற வரிக்கு நேராகப் பேனா வெகுநேரம் நின்றது. அதற்கு அவளால் எதுவும் போட முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டு, மேசைக்கு வந்து பிள்ளைகளின் தாள்களை எடுத்துவைத்துத் திருத்த உட்கார்ந்தாள்.